பள்ளி அடுப்பை அணைக்கச் சொல்வோருக்கு ஒரு மறுப்பு

அரசுப் பள்ளி வளாகத்தில் சமைத்து வழங்கப்படும் மதிய உணவு தூய்மையற்றது, சத்துக் குறைந்தது என்றும், ஆகவே அங்குள்ள அடுப்புகளை அணைத்துவிட்டு, நீராவிக் கொதிகலன்களும் எஃகு அண்டாக்களும் பொருத்திய மைய சமையற்கூடங்களில் பல்லாயிரம் குழந்தைகளுக்கு ஒருசேரச் சமைத்து வண்டிகளில் அனுப்புவதே தக்க வழி என்றும் சொல்லும் கருத்து, கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் இந்திய நகர நிர்வாகங்களிலும் நாளிதழ்களிலும் படித்த நடுத்தர வர்க்கத்தின் பேச்சிலும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. சாம்பாரில் பல்லி விழுந்தது, குழந்தைகள் வாந்தியெடுத்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர் என்ற செய்தி வெளியாகும் ஒவ்வொரு முறையும் இக்கருத்து மேலும் வலுப்பெறுகிறது; கையுறையும் தலையுறையும் அணிந்த பணியாளர்கள் இயந்திரங்களின் அருகே நிற்கும் படங்கள் அதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன. இக்கருத்து தவறானது. சமைத்த உணவு எவ்வாறு கெடுகிறது என்பது பற்றி நுண்ணுயிரியலும், வளரும் குழந்தைக்கு எது தேவை என்பது பற்றி உணவியலும் நிறுவியுள்ள அடிப்படைகளை அது கருத்தில் கொள்வதில்லை. பள்ளிச் சமையலறைகளில் உண்மையாகவே காணப்படும் குறைகள் எதனால் விளைகின்றன என்ற கேள்வியையும் அது எழுப்புவதில்லை.

முதலில் தூய்மையை எடுத்துக்கொள்ளலாம். சோறும் பருப்பும் கொதிக்கும்போது நோய்க்கிருமிகளில் பெரும்பாலானவை மடிந்துவிடுகின்றன. ஆனால் எல்லாம் மடிவதில்லை. அரிசியில் இயல்பாகவே காணப்படும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியா, தடித்த உறை கொண்ட வித்துகளாக மாறிக் கொதிநீரையும் தாங்கி நிற்கும் ஆற்றல் கொண்டது. சோறு ஆறத் தொடங்கி வெப்பம் ஏறத்தாழ 60 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கியதும் அவ்வித்துகள் முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நஞ்சைச் சுரக்கின்றன. அந்த நஞ்சு ஒருமுறை உருவாகிவிட்டால், உணவை மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்னும் மற்றொரு பாக்டீரியா, பெரிய கலங்களில் மொத்தமாகச் சமைக்கப்பட்டு மெதுவாக ஆறும் பருப்பிலும் குழம்பிலும் பெருகுவது. பெருங்கூட்டத்துக்குச் சமைக்கும் விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் அது மிகுதியாகக் காணப்படுவதற்குக் காரணம், கலத்தின் கொள்ளளவு கூடக்கூட அதன் நடுப்பகுதி ஆறுவதற்குப் பல மணி நேரம் பிடிப்பதுதான். எனவே சமைத்த உணவின் பாதுகாப்பை முடிவு செய்பவற்றுள் முதன்மையானது, அடுப்பிலிருந்து இறக்கிய நேரத்துக்கும் உண்ணும் நேரத்துக்கும் இடையே எவ்வளவு மணி நேரம் கழிகிறது, அந்த இடைவெளியில் உணவின் வெப்பம் எவ்வளவாக இருக்கிறது என்பதே.

இந்த அளவுகோலைக் கொண்டு இரண்டு முறைகளையும் ஒப்பிட்டால், பொதுவாக நம்பப்படுவதற்கு மாறான முடிவே கிடைக்கிறது. பள்ளியில் பதினொன்றரை மணிக்கு வடித்த சோறு பன்னிரண்டரை மணிக்குத் தட்டில் விழுகிறது. மைய சமையற்கூடத்திலோ ஒரு லட்சம் பேருக்குச் சமைத்து, கலங்களில் அடைத்து, வண்டியில் ஏற்றி, நகர நெரிசலைக் கடந்து நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குச் சேர்க்க வேண்டியிருப்பதால், வேலை விடியலுக்கு முன்பே தொடங்கியாக வேண்டும். இத்தகைய கூடங்களுக்கென மத்திய அரசு வகுத்த வழிகாட்டு நெறிகள், பரிமாறும் நேரத்தில் உணவின் வெப்பம் 65 பாகைக்குக் குறையக் கூடாது என்று வலியுறுத்துவதே, ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்வதாகும். காப்புறை கொண்ட கலங்கள் அந்த வெப்பத்தைக் காக்கக் கூடும். காத்தனவா என்பதை ஒவ்வொரு பள்ளியிலும் வெப்பமானி வைத்துப் பார்க்காமல் சொல்ல முடியாது. மேலும், மணிக்கணக்கில் சூட்டிலேயே வைக்கப்படும் காய்கறியில் வைட்டமின் சி, ஃபோலேட், தயமின் ஆகியவை தொடர்ந்து சிதைந்துகொண்டே இருக்கின்றன. உணவைப் பாதுகாப்பாக வைக்கும் அதே சூடு அதன் சத்தைத் தின்கிறது என்பதால், தொலைவிலிருந்து வரும் உணவுக்கு இந்தச் சிக்கலிலிருந்து விடுபட வழியில்லை.

பெருக்கத்தால் வரும் ஆபத்து இன்னொன்று. ஒரு பள்ளியின் அடுப்பில் நேரும் பிழை அந்தப் பள்ளியின் குழந்தைகளோடு நின்றுவிடுகிறது. மையத்தில் நேரும் அதே பிழை வண்டித் தடங்கள் அனைத்திலும் பயணம் செய்கிறது. செல்வமும் கண்காணிப்பும் மிகுந்த நாடுகளுக்கும் இதிலிருந்து விலக்குக் கிடைக்கவில்லை. 2012ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் ஜெர்மனியின் கிழக்கு மாநிலங்களில் பள்ளிகளிலும் மழலையர் காப்பகங்களிலும் ஏறத்தாழ 11,000 பேர் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டனர். உணவு வழங்கும் பெருநிறுவனம் ஒன்றின் வழியே சென்ற, ஒரே தொகுதியைச் சேர்ந்த உறைய வைத்த ஸ்ட்ராபெரிப் பழங்களில் இருந்த நோரோ வைரசே அதற்குக் காரணம் என்று கண்டறியப்பட்டது. ஜப்பானின் சக்காய் நகரில் 1996 ஜூலையில் பள்ளி உணவின் வழியே பரவிய ஓ157 வகை ஈ. கோலை பாக்டீரியா ஆயிரக்கணக்கான மாணவர்களைத் தாக்கி, குழந்தைகளின் உயிரையும் பறித்தது. இவற்றுள் சக்காய் நிகழ்வு கூடுதல் கவனத்துக்கு உரியது. அங்கே சமையல் அந்தந்தப் பள்ளியில்தான் நடந்தது. கொள்முதலும் உணவுப் பட்டியலும் மட்டுமே பொதுவாக இருந்தன. ஆகவே பொதுக் கொள்முதலும் தன்னளவில் ஆபத்தற்றதன்று என்பதையும், அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டை போன்றவற்றை மாநில அளவில் மொத்தமாக வாங்கும் தமிழ்நாட்டு முறையிலும் வாங்கும் இடத்தில் ஆய்வகச் சோதனை கடுமையாக இருக்க வேண்டும் என்பதையும் பள்ளிச் சமையலறைக்காக வாதிடுவோர் மறைக்காமல் ஏற்க வேண்டும்.

பள்ளிச் சமையலுக்கு எதிராக எப்போதும் முன்வைக்கப்படும் சான்று, பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்தின் தர்மசதி கண்டாமன் சிற்றூரில் 2013 ஜூலை 16 அன்று 23 குழந்தைகள் மதிய உணவு உண்டு இறந்த கொடுமை. அதன் காரணங்களைப் பொறுமையுடன் படித்தவர்கள் அதை மைய சமையற்கூடத்துக்கான வாதமாக்கத் துணிய மாட்டார்கள். குழந்தைகளைக் கொன்றது மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி. அது சமையல் எண்ணெயில் கலந்திருந்தது. எண்ணெயின் மணத்தையும் நிறத்தையும் கண்டு ஐயுற்ற சமையல்காரப் பெண்ணின் எச்சரிக்கை புறக்கணிக்கப்பட்டது. அங்கே பொருள்களை வைக்கத் தனி அறை இல்லை, தரமறிந்து வாங்கும் ஏற்பாடு இல்லை, பரிமாறுவதற்கு முன் ஆசிரியர் ஒருவர் உண்டு பார்க்க வேண்டும் என்ற விதி கடைப்பிடிக்கப்படவில்லை, எல்லாவற்றுக்கும் மேலாக, அடுப்படியில் நின்ற பெண்ணுக்குச் சமையலை நிறுத்தும் அதிகாரம் இல்லை. அவள் சொல் கேட்கப்பட்டிருந்தால் அந்த உயிர்கள் பிழைத்திருக்கும். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகளை எரித்த தீ, பள்ளியின் சத்துணவுச் சமையலறைக் கூரையிலிருந்து பரவியது என்பதும் நினைவில் நிறுத்த வேண்டியதே. அந்தத் துயரம் கேட்டு நின்றது ஓலைக்கூரை இல்லாத, வகுப்பறையிலிருந்து விலகிய, புகைபோக்கியும் எரிவாயு அடுப்பும் கொண்ட சமையலறையைத்தான்.

அடுத்தது சத்து. மத்திய அரசின் நெறிப்படி தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 450 கலோரி ஆற்றலும் 12 கிராம் புரதமும், நடுநிலைப் பள்ளிக் குழந்தைக்கு 700 கலோரியும் 20 கிராம் புரதமும் மதிய உணவில் கிடைக்க வேண்டும். தொடக்கப் பள்ளிக்குரிய 100 கிராம் அரிசியும் 20 கிராம் பருப்பும் ஏறத்தாழ அந்த 12 கிராமைத் தொட்டுவிடுகின்றன. ஆனால் புரதத்தின் எடை மட்டும் வளர்ச்சியைத் தீர்மானிப்பதில்லை. உடல் தானே உருவாக்கிக்கொள்ள இயலாத அமினோ அமிலங்கள் அனைத்தும் தக்க விகிதத்தில் அமைந்திருப்பதும், எளிதில் செரிப்பதும், தாவர உணவில் கிடைக்காத வைட்டமின் பி12 உடன் வருவதும் முட்டையின் தனிச்சிறப்பு. ஒரு முட்டை சுமார் 6 கிராம் புரதம் தருகிறது. அதாவது அரிசியும் பருப்பும் சேர்ந்து தருவதில் பாதி. தமிழ்நாட்டில் 1989இல் இரு வாரங்களுக்கு ஒரு முட்டையாகத் தொடங்கியது, பல ஆட்சிகளைக் கடந்து 2010இல் வாரத்துக்கு ஐந்து என்றானது. முட்டை உண்ணாத குழந்தைகளுக்கு வாழைப்பழம் வழங்கப்படுகிறது. கொண்டைக்கடலையும் பாசிப்பயறும் அவித்த உருளைக்கிழங்கும் பட்டியலில் சேர்ந்தன. 2013இல் பரிசோதனையாகத் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் விரிந்த கலவை சாதத் திட்டம், சாம்பார் சாதத்தின் சலிப்பிலிருந்து குழந்தைகளை ஓரளவு விடுவித்தது.

இந்திய நகரங்களில் மைய சமையற்கூடங்களை நடத்தும் அறக்கட்டளைகளுள் மிகப் பெரியதான அட்சய பாத்திரம், தன் சமய நெறிப்படி முட்டை சமைப்பதில்லை. வெங்காயமும் பூண்டும் சேர்ப்பதில்லை. வெங்காயமும் பூண்டும் சேர்க்கும்படி கர்நாடக அரசு 2018இல் கேட்டபோதும் அந்நிறுவனம் அதற்கு உடன்படவில்லை. கர்நாடகத்தில் பள்ளிகளில் முட்டை வழங்கும் திட்டம் 2021 டிசம்பரில் சில மாவட்டங்களில் மட்டும் தொடங்கப்பட்டபோது, அதைப் பள்ளி வளாகத்தில் அவித்தே கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு சமய அமைப்பு தன் உறுப்பினர்களுக்கு எந்த உணவையும் விலக்கி வைக்கலாம். பொதுப்பணத்தில், பல சாதிகளும் சமயங்களும் சேர்ந்து அமரும் பந்தியில், முட்டை உண்டு வளர்ந்த ஏழைக் குழந்தையின் தட்டில் எது விழக் கூடாது என்று அது முடிவு செய்வதை ஏற்க இயலாது. கலோரிக் கணக்கையும் புரதக் கணக்கையும் சோயாவாலும் பருப்பாலும் நிரப்பிக் காட்டிவிடலாம் என்ற வாதம், குழந்தை உண்ணாமல் மிச்சம் வைக்கும் சோற்றைக் கணக்கில் எடுப்பதில்லை. தாளித்த வெங்காயத்தின் மணமறிந்த நாக்குக்கு அது இல்லாத குழம்பு பிடிக்காமல் போனால், பட்டியலில் எழுதப்பட்ட சத்து குப்பைத் தொட்டிக்கே போய்ச் சேர்கிறது.

அரசுப் பள்ளி உணவால் பயனே இல்லை என்று இன்னும் ஒருபடி மேலே செல்வோரும் உண்டு. இதற்கு ஆய்வுகள் தெளிவான விடை தந்துள்ளன. மத்தியப் பிரதேசத்தில் ஃபர்சானா அஃப்ரிடி நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வு, பள்ளியில் உண்ணும் குழந்தைக்கு வீட்டில் அந்த அளவு குறைக்கப்படுகிறது என்ற ஐயத்தைப் பொய்யாக்கி, அன்றைய மொத்த உணவு உட்கொள்ளல் உண்மையாகவே உயர்வதைக் காட்டியது. சுமன் சக்ரபர்த்தியும் உடன் ஆய்வாளர்களும் 2021இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, சிறுமியராக இருந்தபோது மதிய உணவு பெற்ற பெண்களின் குழந்தைகள் தம் வயதுக்கேற்ற உயரத்தில் மேம்பட்டிருப்பதைக் கண்டது. 2006க்கும் 2016க்கும் இடையே இந்தியக் குழந்தைகளின் உயரத்தில் ஏற்பட்ட முன்னேற்றத்தில் 13 முதல் 32 விழுக்காடு வரை இத்திட்டத்தோடு தொடர்புடையது என்றும் அது மதிப்பிட்டது. இந்தப் பயனைப் பெற்ற பெண்களுள் பெரும்பாலோர் உண்டது, இன்று அழுக்கு என்று ஒதுக்கப்படும் அதே பள்ளி அடுப்பில் வெந்த சோற்றையே.

மைய சமையற்கூடத்தைப் புதுமையாகக் கருதுவோர் தமிழ்நாட்டின் வரலாற்றை மறந்தவர்கள். பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிய சிற்றுணவுத் திட்டம், சில ஆண்டுகளில் அன்றைய அரசு செலவை ஏற்க மறுத்ததால் நின்றது. காமராசர் 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்துக்குப் பின்னர், 1960களில் கேர் என்னும் அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் உதவியோடு, பல பள்ளிகளுக்கு ஓரிடத்தில் சமைத்து அனுப்பும் மைய சமையற்கூடங்கள் இங்கேயே அமைக்கப்பட்டன. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைத் திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் தொடங்கியபோது, ஊர்தோறும் மையம், மையந்தோறும் அடுப்பு, அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தது. மழையில் சாலை துண்டிக்கப்பட்ட ஊரிலும் அன்றைக்கு அடுப்பு எரிந்தது என்றால் அதற்கு அந்த அமைப்பே காரணம். குழந்தையின் தாயும் பாட்டியும் வாசலில் நின்று அரிசியைப் பார்க்கவும், புளித்துப்போன குழம்புக்காகச் சமையலரைப் பெயர் சொல்லிக் கேட்கவும் முடிந்ததும் அதனால்தான். முப்பது கிலோமீட்டர் தொலைவில் கம்பி வேலிக்குள் இயங்கும் கூடத்தை நோக்கி எந்தத் தாயும் அவ்வாறு கேட்க முடியாது.

தூய்மை பற்றிய பேச்சில் சாதி மறைந்து நிற்பதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 28 அன்று, அரசுத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் அனைவருக்கும் சமைத்த உணவு வழங்க வேண்டும் என்று ஆணையிட்டது. 2004 ஏப்ரல் 20 அன்று, சமையலர், உதவியாளர் பணிகளில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்றும் ஆணையிட்டது. அந்த ஆணைக்கு எதிர்ப்பு இன்னும் ஓயவில்லை. 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் பட்டியல் சாதிச் சமையலர் ஒருவரைப் பள்ளியிலிருந்து மாற்றும்படி ஊரில் ஆதிக்க சாதியினர் வற்புறுத்தினர். 2021 இறுதியில் உத்தராகண்டின் சம்பாவத் மாவட்டத்தில் மாணவர்கள் ஒரு தலித் பெண் சமைத்ததை உண்ண மறுத்தனர். எங்கோ யாரோ சமைத்த உணவு மூடிய கலத்தில் வந்து இறங்கும்போது இந்த மோதல் எழாது என்பது உண்மை; ஆனால் அது எழாமற்போவதற்குக் காரணம், பள்ளி அடுப்பின் முன் நின்று ஊர்க் குழந்தைகள் அனைவருக்கும் சோறிடும் உரிமையை அந்தப் பெண் இழந்துவிடுவதுதான். இந்தியா முழுவதும் ஏறத்தாழ 25 லட்சம் பேர் இப்பணியில் இருக்கின்றனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பெண்கள்.

இனி, பள்ளிச் சமையலறைகளில் குறையே இல்லையா என்றால், உண்டு, நிறைய உண்டு. குழாயில் தண்ணீர் வராத மையங்கள், எலி புகும் அரிசி மூட்டைகள், காய்கறியே கண்ணில் படாத நாள்கள், கைகழுவச் சவர்க்காரம் இல்லாத பள்ளிகள் இருக்கவே செய்கின்றன. இவை பணத்தின் பற்றாக்குறையிலிருந்து நேராகப் பிறப்பவை. தானியம் நீங்கலாகப் பருப்பு, காய்கறி, எண்ணெய், மசாலா, எரிபொருள் ஆகிய அனைத்துக்கும் சேர்த்துத் தொடக்கப் பள்ளிக் குழந்தை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 2025 மே முதல் மத்தியத் திட்டம் ஒதுக்கும் தொகை 6 ரூபாய் 78 காசு. ஒரு முட்டையின் விலையே ஏறக்குறைய இதை விழுங்கிவிடும். சமையலருக்கான மதிப்பூதியமாக 2009இல் நிர்ணயிக்கப்பட்ட மாதம் 1,000 ரூபாயை, அதுவும் ஆண்டில் பத்து மாதங்களுக்கு மட்டும் என்ற வரையறையை, மத்திய அரசு பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் மாற்றவில்லை. தமிழ்நாடு தன் நிதியிலிருந்து இதைவிடக் கூடுதலாகச் செலவிடுகிறது என்பது பெருமைக்குரியது. ஆயினும் இங்கும் காலிப் பணியிடங்கள் ஆண்டுக்கணக்கில் நிரப்பப்படாமல் கிடந்ததால், ஒரே அமைப்பாளர் இரண்டு மூன்று மையங்களின் பதிவேடுகளைச் சுமக்கும் நிலை பல ஒன்றியங்களில் ஏற்பட்டது. 2024 இறுதியில் 8,997 சமையல் உதவியாளர்களை நியமிக்க அரசு ஆணை பிறப்பித்தபோது, அவர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் தொகுப்பூதியமே, அதாவது படிகளோ ஆண்டு உயர்வோ இல்லாத ஒற்றைத் தொகையே, முடிவு செய்யப்பட்டது. நூறு பிள்ளைகளுக்குக் காய் நறுக்கி, பாத்திரம் துலக்கி, சமையலறையைக் கழுவிவிடும் பெண்ணுக்கு நாளொன்றுக்கு நூறு ரூபாய் தந்துவிட்டு, அந்தச் சமையலறையின் தூய்மைக் குறைவைக் காட்டி அவள் வேலையையே பறிக்கச் சொல்வது அநீதி. மைய சமையற்கூடங்களைக் கட்ட அரசு நிலமும் நிதியும் கொடையாளர் பணமும் கிடைக்கின்றன. அதே அளவு அக்கறையுடன் பள்ளிச் சமையலறைக்குத் தண்ணீரும் எரிவாயுவும் சல்லடை பொருத்திய சன்னலும் கொடுத்துப் பார்த்த பின்னரே இரண்டையும் ஒப்பிடுவது நேர்மையாகும்.

நெருக்கடி மிகுந்த நகரங்களில் சில பள்ளிகளுக்கு அடுப்பு வைக்கவே இடமில்லை என்ற வாதம் மட்டும் ஏற்கத்தக்கது. அதற்குரிய தீர்வும் இங்கேயே இருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மாநிலமெங்கும் விரிவாக்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில், ஊரகப் பள்ளிகளில் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் பள்ளியிலேயே சமைக்கின்றனர். சென்னையிலோ அண்டைப் பள்ளிகள் சிலவற்றுக்குச் சேர்த்து ஒரு சமையற்கூடம் என்ற முறையில் உணவு செல்கிறது. அரை மணி நேரத்தில் நடந்தோ வண்டியிலோ சேரும் தொலைவுக்குள், பொது நிர்வாகத்தின் கீழ், அந்தப் பகுதிப் பெண்கள் சமைக்கும் இத்தகைய சிறுகூடத்துக்கும் லட்சம் பேருக்குச் சமைக்கும் ஆலைக்கும் வேறுபாடு மிகப் பெரிது. இத்திட்டத்தையும் ஒப்பந்ததாரர்களிடம் விட்டுவிடலாம் என்ற யோசனை சென்னை மாநகராட்சியில் எழுந்து எதிர்ப்புக்கு உள்ளானது. அப்படியொரு தீர்மானத்தை எந்த மன்றம் மீண்டும் எடுத்தாலும், அதற்கு முன் ஒவ்வொரு சமையற்கூடத்திலும் நிரப்பப்படாத பணியிடங்கள் எத்தனை, தண்ணீர் நாளுக்கு எத்தனை மணி நேரம் வருகிறது, உணவூட்டுச் செலவுத் தொகை எத்தனை மாதம் நிலுவையில் உள்ளது, உணவு மாதிரிகள் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டன என்ற விவரங்களை வார்டு வாரியாக மக்கள் முன் வைக்க வேண்டும் என்று பெற்றோரும் ஆசிரியரும் உறுப்பினர்களும் வலியுறுத்த வேண்டும்.